எலும்பில்லாத சேணம்

திருவிடந்தையில் ரோகிணி மேடம் நடத்தும் குதிரை லாயத்துக்குள் வேண்டாவின் கண்ணில் படாமல் ஒரு பொருளும் போய்விட முடியாது. புல்கட்டு வந்தால் நடுவில் கையை விட்டு ஈரம் பார்ப்பாள். கொள்ளு மூட்டையை வாயைப் பிரித்துப் பார்த்துத் திருப்தி அடையாமல், அடியில் கோணி ஊசியால் குத்தி நாலு மணி எடுத்து மோந்து பார்ப்பாள். மாட்டு டாக்டர் குதிரைக்கு ஊசி போட வந்தால் அவர் கையிலிருந்து மருந்து பாட்டிலை வாங்கித் தேதி படிப்பாள். "எட்டாங்கிளாஸ் படிச்சிட்டு என்னை டெஸ்ட் பண்றியா?" என்று அவர் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள்.

அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஒரு காலனியில், நாற்று நடவும் களை எடுக்கவும் போகிற வீட்டில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவள். இனிமேல் பெண் வேண்டாம் என்று பெற்றவர்கள் வைத்த பெயர் அது. பெயரைப் பற்றி அவளுக்கு வருத்தம் எதுவும் கிடையாது. சந்தேகம் பெயரோடு வந்ததில்லை. சோற்று டப்பாவோடு வந்தது.

கட்டிக்கொண்ட ஏகாம்பரம் கல்பாக்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். காலையில் ஆறரை பஸ்ஸைப் பிடித்தால் பொழுது சாய வீடு திரும்புவான். டப்பா கழுவித் துடைத்தாற்போல இருக்கும். நல்ல மனுஷன், பெண்டாட்டிக்கு வேலை வைக்கமாட்டான் என்று வேண்டா பெருமைப்பட்டிருக்கிறாள். ஒருநாள் அவன் வரவில்லை. இரண்டாம் நாளும் வராமல் போகவே தேடிக்கொண்டு போனாள். அந்த ஆள் வேலையை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று மேஸ்திரி சொன்னார். சதுரங்கப்பட்டினத்தில் அவனுக்கு இன்னொரு வீடு இருந்தது. டப்பாவைக் கழுவியது அந்த வீட்டுக்காரி. சோற்றில் கை வைத்தவன் கழுவியும் கொண்டுவருகிறானே, ஏன் என்று ஒரு நாளாவது கேட்டோமா என்றுதான் அவள் ரொம்ப காலம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். அவனைத் திட்டியது அதைவிடக் குறைவு.

எட்டு வயசுப் பெண் குழந்தையோடு நின்றவளை லாயத்தில் சேர்த்துவிட்டவர் பெஞ்சமின். அவள் பிறந்த காலனியில் அடுத்த தெருக்காரர், லாயத்துக்கு மேனேஜர். சாணி அள்ள வந்தவள், குளம்பு சுத்தம் செய்யவும், மாலிஷ் போடவும், கடிவாளம் மாட்டவும் தானே பார்த்துப் பழகிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் ஆறு குதிரைகளும் அவள் பொறுப்பு என்று ஆகிவிட்டது. சுற்று வட்டாரத்தில் குதிரை பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். எல்லோரையும் சார், மேடம் என்று தள்ளி நிறுத்திக் கூப்பிடுகிறவள், பெஞ்சமினை மட்டும் அண்ணாத்த என்பாள்.

ஆறில் ஒன்று டச்சஸ். கிண்டி ரேஸில் ஓடி ஓய்ந்த செவலைப் பெட்டை. பெயர் வாயில் நுழையாமல் வேண்டா அதை டச்சு ஆக்கிவிட்டாள். முதுகுத்தண்டு துருத்திக்கொண்டு, தோள்மேடு கூரை முகடு போல எழும்பி நிற்கும். எந்தச் சேணம் போட்டாலும் இரண்டு பக்கமும் அழுத்திப் புண்ணாகும். ஆறிய இடத்தில் வெள்ளை வெள்ளையாய் முடி முளைத்திருந்தது. பஸ் ஹாரன் என்றால் அதற்கு ஆகாது என்பதால், ஈசிஆர் ரோட்டைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது என்று மேடம் கட்டளை போட்டிருந்தார்.

தை பிறந்து பத்து நாளில் ஸ்ரீவத்ஸன் வந்தான். திருக்கழுக்குன்றத்துப் பையன்; முப்பத்திரண்டு வயசிருக்கும். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, எங்கோ வெளிநாட்டில் ஆறு மாதம் குதிரைப் பயிற்சி படித்து வந்திருந்தான். மேடம் அவனை டச்சஸைப் பழக்க வைத்துக்கொண்டார். அவன் காரின் பின்கதவைத் திறந்து ஒரு வெள்ளை மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்ததும் வேண்டா வழியை மறித்தாள்.

"இன்னா சார் இது? ஆட்ட உரிச்சி எடுத்தாந்துகீறீங்க?"

"சேடில்தான் அக்கா. செம்மறியாட்டுத் தோல். உள்ளே சட்டம் கிடையாது."

அவள் கையை விட்டு அமுக்கிப் பார்த்தாள். பழைய சேணத்தைத் தட்டினால் உள்ளே மரச்சட்டம் டொக்கென்று பேசும். இது தலையணை போல அமுங்கியது. மடித்தால் மடிந்தது. அடியில் விரல் நீளத்துக்கு ரோமம். நடுவில் முதுகுத்தண்டுக்கு மட்டும் இடம் விட்டு இருபக்கமும் மெத்தையாகத் தைத்திருந்தார்கள்.

"எலும்பே இல்லியே. ஆளு குந்துனா நேரா நடுமுதுகுல எறங்கிடாது?"

"அதுக்குத்தான் அடியில கெட்டியா ஒரு மெத்தை போடுவோம். டச்சஸுக்கு இடிக்கிறதே அந்தச் சட்டம்தான். இது இவ முதுகு எப்படி வளையுதோ அப்படியே வளையும். ஆனா ஏறுறவங்க எடை குறைவா இருக்கணும். தரையிலிருந்து தொங்கி ஏறக்கூடாது, பக்கவாட்டில் உருண்டுடும். ஸ்டூல் போட்டுத்தான் ஏறணும்."

"நிக்காத சீட்ட எதுக்கு சார் வாங்கினீங்க?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிற ஆண்பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அவன் செய்வது எல்லாம் அவளுக்கு உறுத்தியது. டேப்பை வைத்து டச்சஸின் முதுகை அளந்து போனில் குறித்துக்கொள்வான். நாலு பக்கமும் நின்று படம் பிடிப்பான். விற்கப் போகிறார்களா? இல்லை, இந்தச் சேணத்தை விற்க என் குதிரையை வைத்து வெள்ளோட்டம் பார்க்கிறானா? தினமும் காலையில் உப்பங்கழிக் கரையோரமாகத் தனியாகப் போய் ஒரு மணி நேரம் கழித்து வருவான். அந்த ஒரு மணி நேரம் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இறங்கியதும் வேண்டா சேணத்தைக் கழற்றி வியர்வைத் தடத்தைப் பார்ப்பாள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக, இலை வரைந்தது போல இருக்கும். தண்டின் மேல் மட்டும் காய்ந்த கோடு. குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காது.

மூன்றாவது வாரம் அவளே கேட்டுவிட்டாள். "நான் ஒருவாட்டி ஏறிப் பாக்கட்டா சார்?"

குதிரைமேல் அவள் ஏறாதவள் இல்லை. லாயத்துக்குள்ளே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நடத்திப் போகையில் ஏறியிருக்கிறாள். ஆனால் இந்தமுறை ஏறியது சவாரிக்காக இல்லை; சாட்சி தேடுவதற்காக. புடவையை மாற்றி மகளுடைய பழைய சுரிதாரைப் போட்டுக்கொண்டு ஸ்டூல் வைத்து ஏறினாள். நாற்பத்தெட்டு கிலோ உடம்பு.  பழைய சேணத்தில் குதிரை ஒரு பெஞ்சுக்கு அடியில் எங்கோ நடப்பது போல இருக்கும். இங்கே டச்சஸின் சூடு தொடைக்கு வந்தது. அது மூச்சு இழுத்தால் விலா விரிவது தெரிந்தது. முன்கால் வைக்கும்போது தோள் எலும்பு வழுக்கிப் பின்னால் வந்து திரும்பிப் போவது, இடுப்பின் இந்தப் பக்கம் எழும்பினால் அந்தப் பக்கம் தாழ்வது, எல்லாம் தெரிந்தது. திடலை மூன்று சுற்று சுற்றினாள். டச்சஸ் காதை முன்னால் விட்டுக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி நடந்தது. பதினோரு வருஷத்தில் அது அப்படிக் கழுத்தை நீட்டி அவள் பார்த்ததில்லை.

"எப்படி அக்கா இருக்கு?"

"ஒண்ணும் தெரியல சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஒரு குறையும் கிடைக்காததே அவளுக்குப் பெரிய குறையாகத் தோன்றியது. கழுவித் துடைத்த டப்பா ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. மகள் செங்கல்பட்டில் நர்சிங் படிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறிப் போய், அக்கா வீட்டில் தங்கி, மறுநாள் ஹாஸ்டலில் பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். மாசி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலையில் வந்து டச்சஸுக்கு மாலிஷ் போடப் போனாள். முதுகில் கை வைத்ததும் அது உடம்பைத் தாழ்த்தி நழுவியது. தண்டுக்கு இடப்பக்கம் ஒரு கொழுக்கட்டை அளவு வீக்கம். தொட்டால் சுட்டது.

சேண அறைக்கு ஓடி அந்த வெள்ளைத் தோலைப் புரட்டினாள். ரோமம் நசநசவென்று அப்பியிருந்தது. உள்ளே விரலை விட்டுக் கோதியபோது ரோஸ் கலரில் ஒரு ஜிகினாப் பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஓகோ, என்று நினைத்தாள். நான் இல்லாத நாளில் யாரோ ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு பேருமாக ஏறியிருக்கிறான். அறைச் சாவி அவளிடம் ஒன்று, பெஞ்சமினிடம் ஒன்று. கள்ளச்சாவி போடுவது கம்ப்யூட்டர் படித்தவனுக்குப் பெரிய விஷயமா?

நேரே மேடத்திடம் போனாள். ஸ்ரீவத்ஸனையும் கூப்பிட்டார்கள். அவன் வீக்கத்தைச் சுற்றிலும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். "ஞாயித்துக்கிழமை நான் வரவே இல்லை மேடம்" என்றான்.

"அப்பறம் காத்துல வந்துச்சா வீக்கம்? அந்த எலும்பில்லாத சீட்டு வந்தப்பறம்தான் வந்துகீது" என்றாள் வேண்டா. ஜிகினாவை மேஜைமேல் வைத்தாள். "இத்த இன்னானு கேளுங்க மேடம்."

ஸ்ரீவத்ஸன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பெஞ்சமின் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டச்சஸ் பக்கம் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று மேடம் சொன்னார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சேணம் இங்கேயே கிடந்தது. வேண்டா அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

தினமும் உப்புத் தண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. அந்த ஞாயிறு மகளுக்குக் காய்ச்சல் என்று போனாள். திங்கட்கிழமை வந்து தொட்டாள். வீக்கம் திரும்பியிருந்தது, அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக.

 சேணத்தைக் கொண்டுவந்து வெயிலில் ஒரு கோணிமேல் கவிழ்த்துப் போட்டு ஈர்க்குச்சியால் அடித்தாள். மணல் கொட்டியது. உப்பங்கழிக் கரையில் இருப்பது களி. காய்ந்தால் கறுப்பாகப் பொடியும். இது வெளுத்த மணல், கிளிஞ்சல் துண்டுகளோடு. கடற்கரை மணல். கூடவே இரண்டு ரோஸ் பொட்டும், ஒரு தங்கக் கலர் ஜரிகைப் பிசிறும். கால் வைத்து ஏறும் அங்கவடியின் வார் வழக்கமான துளையில் இல்லை, நாலு துளை கீழே இறக்கி மாட்டியிருந்தது. யாரோ நெட்டையான ஆள்.

டச்சஸைக் கூட்டிக்கொண்டு யாரோ ஈசிஆரைத் தாண்டியிருக்கிறார்கள்.

மணலைப் பற்றி ஒருவரிடமும் அவள் மூச்சு விடவில்லை. வீக்கத்தைப் பற்றிப் பெஞ்சமினிடம் மட்டும் சொன்னாள். "பழைய காயம் அப்டித்தாம்மா கிளம்பும், மேடத்தாண்ட சொல்லி பேஜாரு பண்ணாத" என்றார். சரி என்றாள். மேடத்துக்கும் தெரியாமல் மறைத்தது அவள் அதுவரை செய்யாத காரியம். டச்சஸ் ஆறட்டும் என்று இரண்டு வாரம் விடுமுறை எடுக்காமல் கூடவே இருந்தாள். அந்த இரண்டு ஞாயிறும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, ஊருக்குப் போகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, கோவளத்தில் இறங்கி, தெரிந்தவள் வீட்டில் தங்கினாள். மகளுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னாள். விடிந்ததும் நடந்து வந்து, லாயத்துக்கு எதிரே ரோட்டின் கடல் பக்கம் இருக்கும் டீக்கடையின் பின்பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்தாள். அப்போதும் அவள் எதிர்பார்த்தது ஸ்ரீவத்ஸனின் காரைத்தான்.

ஆறரை மணிக்கு லாயத்து கேட் திறந்தது. டச்சஸ் வந்தது, முதுகில் அந்த வெள்ளைச் சேணம். தலைக்கயிற்றைப் பிடித்து வந்தவர் பெஞ்சமின்.

டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.  சவுக்கு மரங்களுக்கு ஊடே பின்னால் போனாள்.

கடற்கரையில் ஒரு வேன் நின்றது. திருவிடந்தைப் பெருமாளிடம் மாலை மாற்றி வேண்டிக்கொண்டு கல்யாணம் கைகூடிய ஜோடிகள், கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள இந்தக் கடற்கரைக்கு வருவதுண்டு. ரோஸ் லெஹங்காவில் ஒரு பெண். தங்க ஜரிகை ஷெர்வானியில் ஆறடி மாப்பிள்ளை. நூறு கிலோவுக்குக் குறையமாட்டான். ஸ்டூல் எதுவும் இல்லை. அவன் அங்கவடியில் காலை வைத்து, சேணத்தைப் பிடித்துத் தொங்கி ஏறினான். சேணம் அந்தப் பக்கம் சரியாமல் இருக்க பெஞ்சமின் இந்தப் பக்கம் தொங்கினார். டச்சஸ் முதுகைக் குழித்துக்கொண்டு நின்றது. பிறகு அந்தப் பெண்ணையும் தூக்கி முன்னால் ஒருக்களித்து உட்கார வைத்தார்கள். வேண்டா "அண்ணாத்த!" என்று கத்தினாள். அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

போட்டோகிராபர் ட்ரோனைப் பறக்கவிட்டார். தலைக்கு மேலே அது ஙொய்யென்று வந்ததும் டச்சஸ் பக்கவாட்டில் ஒரு தாவு தாவியது. சேணத்துக்குள்ளே சட்டம் இருந்திருந்தால் கொஞ்சம் பிடித்து நின்றிருக்கும். இது உருண்டது. இரண்டு பேரும் ஈர மணலில் விழுந்தார்கள். வயிற்றுக்கு அடியில் சேணம் தொங்க, அங்கவடி பின்காலில் அடிக்க, டச்சஸ் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடிவந்தது. ரோட்டில் புதுச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

வேண்டா ஓடவில்லை. ஓடினால் அது இன்னும் மிரளும். சவுக்கந்தோப்பின் வாயில், அது வரும் வழியில், பக்கவாட்டாகத் திரும்பி நின்றுகொண்டு, வழக்கமாகக் கொள்ளு வைக்கும்போது கூப்பிடும் குரலில், "டச்சூ… வா, வா, வா… டச்சூ…" என்றாள். மேலே விழுந்துவிடும் போல வந்த குதிரை பத்தடிக்கு முன்னால் காலை ஊன்றியது. மூக்கு விரிந்து, உடம்பெல்லாம் நடுங்கி, மெதுவாக அவள் தோளில் வந்து முகத்தை வைத்தது. அவள் வயிற்றுப் பட்டையை அவிழ்த்தாள். சேணம் தரையில் விழுந்தது.

மூச்சு வாங்க ஓடிவந்த பெஞ்சமின் முதலில் கேட்டது, "நீ செங்கல்பட்டு போலயா?"

அவள் தரையில் கிடந்த சேணத்தைக் காட்டினாள். "எதுக்கு அண்ணாத்த இந்தச் சீட்டு?"

"வெள்ளையா கீது, போட்டோல ஸோக்கா வுழுது. எல்லாரும் இத்தத்தான் கேக்கறாங்க." குரல் தாழ்ந்தது. "எப்பனா ஒருநாளுதான் வேண்டா. இன்னா ஆயிடுச்சி இப்ப?"

"முதுகு வீங்கிக் கீது. அந்த சார போகச் சொல்லிட்டாங்க. கம்முனு நின்னியே."

"நான் அவர் மேல ஒரு வார்த்த சொன்னனா? நீதான சொன்ன?"

 உண்மைதான். அவர் பொய்யே சொல்லவில்லை. பொய்யை இவள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நின்றார், அவ்வளவுதான்.

"மேடத்தாண்ட குதிரை அவுத்துகினு ஓடிச்சின்னு சொல்லிடலாம்" என்றார் பெஞ்சமின். "உன்ன இங்க கொண்டாந்து சேத்தது நான்தான், மறந்துடாத."

"மறக்கல அண்ணாத்த" என்று சொல்லிவிட்டு டச்சஸை ரோடு வரை நடத்திப் போனாள். வண்டிகள் ஓயும்வரை அதன் கண்ணைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு நின்று, தாண்டினாள்.

மாப்பிள்ளைக்கு மணிக்கட்டு பிசகியிருந்தது. பெண்ணுக்கு அடி இல்லை. மேடத்திடம் நடந்ததை ஒன்று விடாமல் வேண்டா சொன்னாள். இரண்டாவது வீக்கத்தைத் தான் மறைத்ததையும், ஸ்ரீவத்ஸன்மேல் பழி போட்டதையும் சேர்த்துச் சொன்னாள். மேடம் பெஞ்சமினை அன்றைக்கே அனுப்பிவிட்டார். "ஸ்ரீவத்ஸனுக்குப் போன் போட்டு நீயே சொல்லு" என்றார் வேண்டாவிடம். போனில் முகம் தெரியாது, நான் நேரில் போகிறேன் என்றாள்.

திருக்கழுக்குன்றத்தில் தெருவைக் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். அவன் அம்மா பெருந்தேவி கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றுகொண்டு, யார், எங்கிருந்து, எதற்கு, ஆதார் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். தலை முதல் கால்வரை பார்த்தாள். கையிலிருந்த பையை இரண்டு தரம் பார்த்தாள். இப்படித்தான் நானும் பார்த்திருப்பேன் போலிருக்கிறது என்று வேண்டாவுக்குத் தோன்றி, காது சுட்டது.

ஸ்ரீவத்ஸன் வந்து கதவைத் திறந்தான். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னாள்.

"டச்சஸ் எப்படி இருக்கா?" என்றுதான் அவன் முதலில் கேட்டான்.

"ஒத்தடம் குடுத்துகினு கீறேன். ஒரு மாசம் ஆவும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டா இல்லன்னுதான் சொல்லியிருப்பீங்க. இல்லன்னு சொன்ன ஆம்பளைங்களத்தான் சார் நான் பாத்துகீறேன்." பையைக் கைமாற்றிக்கொண்டாள். "உங்கமேல வெச்ச கண்ண நான் எல்லார் மேலயும் வெச்சிருக்கணும். அதுதான் தப்பு."

மன்னிப்புக் கேட்கும் முறை அது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. "நான் சொன்னது அபாண்டம் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "சேணத்தைத் தண்ணியில நனைக்காதீங்க. நிழல்ல காயவையுங்க. ரோமத்தைச் சீப்பு போட்டுக் கோதி மணல் எடுத்துடுங்க" என்றான். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

பங்குனி கழித்து அவன் திரும்பி வந்தான். முன்போல அக்கா அக்கா என்று பேசுவதில்லை, கேட்டதற்குப் பதில். சேண அறைக்கு இப்போது வேண்டாவிடம் மட்டும் சாவி. அறுபது கிலோவுக்கு மேற்பட்ட யாரையும் அந்த வெள்ளைச் சேணத்தில் ஏற்றமாட்டாள். வருகிறவர்கள் சொல்கிற எடையை நம்பாமல் கொள்ளு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறச் சொல்வாள். ஸ்ரீவத்ஸன் வராத நாட்களில் அவளே டச்சஸை உப்பங்கழிக் கரைக்கு ஓட்டிப் போகிறாள்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் பெஞ்சமின் போன் செய்தார். மரக்காணம் பக்கம் ஏதோ ரிசார்ட்டில் வேலை என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"டச்சு முதுகு எப்டி கீது வேண்டா?"

இதை எதற்குக் கேட்கிறார்? நிஜமாகவே மனசு கேட்காமலா, மேடத்திடம் திரும்பச் சேர வழி பார்த்தா? குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"ஆறிடுச்சி அண்ணாத்த" என்றாள். அடுத்து ஏதாவது கேட்பார் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். "சரிம்மா" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அன்று முழுக்க, புல்லை உதறும்போதும் தண்ணீர் வைக்கும்போதும், அவர் வேறெதற்கோதான் கூப்பிட்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இல்லை, அதற்கு மட்டும்தான் கூப்பிட்டாரோ என்றும்.